பதின்மூன்றாவது கட்டு

அந்த மர மில்லில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. லாரி டிரைவரிலிருந்து மேனேஜர் வரைக்கும் எல்லாருக்கும் அவள் நோட்டக்காரம்மா. அறுத்து வரும் பலகைகளை நோட்டம் பார்த்துத் தரம் பிரிப்பது அவள் வேலை. ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தாள். ஒல்லியான உடம்பு. வலது காதுமடலுக்கு மேலே எந்நேரமும் ஒரு சாக்கட்டி செருகியிருக்கும். வீட்டுக்குப் போய்த் தலைக்கு ஊற்றிக்கொள்ளும்போதுதான் அது அங்கே இருப்பதே சில நாள் அவள் ஞாபகத்துக்கு வரும்.

மில்லுக்கு வந்த புதிதில் குச்சி வைக்கிற வேலைதான் பார்த்தாள். பச்சைப் பலகைகளை அடுக்கும்போது, காற்று புகுந்து வரட்டும் என்று வரிசைக்கு வரிசை நடுவில் சன்னமான குச்சிகளை வைப்பார்கள். ஒன்பது வருஷம் அதைச் செய்தாள். அடுக்கும்போதே வாய் முணுமுணுத்துக்கொண்டிருக்கும். "இது முறுக்கிக்கும். இது பரவால்ல. இது நடுவுல குழிஞ்சிடும்." நாலு மாதம் கழித்து அடுக்கைப் பிரித்தால், முறுக்கிக்கொள்ளும் என்று அவள் சொன்னது முறுக்கிக்கொண்டு கிடக்கும். அந்த முணுமுணுப்பைக் காதுகொடுத்துக் கேட்ட அன்றைய மேனேஜர் அவளைத் தரம் பார்க்கும் மேசையில் கொண்டுபோய் நிறுத்தினார்.

அங்கே நின்று பத்தொன்பது வருஷம் ஆகிவிட்டது. ஒரு கோடு போட்டால் முதல் தரம், இரண்டு கோடு போட்டால் இரண்டாம் தரம், பெருக்கல் குறி போட்டால் கழிவு. உயிர்க்கணு எது, செத்த கணு எது என்று விரல்முட்டியால் தட்டியே சொல்லிவிடுவாள். செத்த கணு என்றால் இன்றைக்கோ நாளைக்கோ கழன்று விழுந்து பலகையில் ஓட்டை போட்டுவிடும். ரேகை நேராக ஓடுகிறதா, ஓரத்துக்குச் சாய்ந்து ஓடுகிறதா என்று பார்ப்பாள். பூச்சி துளைத்திருக்கிறதா, பட்டை ஒட்டிக்கொண்டிருக்கிறதா, முனை வெடித்திருக்கிறதா என்றும் பார்ப்பாள். எல்லாவற்றையும்விட அவள் பயந்தது ஒன்றுக்குத்தான். மரத்துக்கும் ஊமைக்காயம் உண்டு. நிற்கும் மரத்தைப் புயல் வளைத்திருக்கலாம், வெட்டிச் சாய்க்கும்போது மரம் பாறைமேல் விழுந்திருக்கலாம். வெளியே ஒன்றும் தெரியாது. உள்ளே நார் நசுங்கியிருக்கும். அறுத்த பலகையில் ரேகைக்குக் குறுக்கே, பென்சிலால் கிழித்தது மாதிரி மெல்லிய கோடாக அது தெரியும். சில சமயம் ஒரு பக்கத்தில் மட்டும்தான் தெரியும். அதனால்தான் எந்தப் பலகையையும் புரட்டிப் பார்க்காமல் அவள் விட்டதே இல்லை.

அவள் கணவர் அதே மில்லில் மரம் அறுக்கிற பேண்ட்சா ரம்பத்தின் ஆபரேட்டர். கால் நூற்றாண்டாக ரம்பத்துக்குப் பக்கத்தில் நின்று நின்று காது போய்விட்டது. அதனால் வீட்டில் எதைப் பேசினாலும் உரக்கத்தான் பேச வேண்டும். அவர்கள் வீட்டில் உப்பு தீர்ந்துவிட்டது என்பது தெருக்கோடி வரைக்கும் தெரியும். "உங்கம்மாவும் அப்பாவும் சண்டை போட்டா எங்களுக்கு ரேடியோவே வேண்டாம்" என்று பக்கத்து வீட்டுக்காரி மகளைக் கேலி செய்வாள். மகள் துணிக்கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். வெட்கப்படுவாள், பிறகு அவளும் சிரித்துவிடுவாள்.

ஆனால் மில்லுக்குள், ரம்பம் ஓடுகிற இரைச்சலில், புருஷனும் பெண்டாட்டியும் சத்தமே இல்லாமல் பேசிக்கொள்வார்கள். அவர் அவள் உதட்டைப் பார்ப்பார், அவள் அவர் உதட்டைப் பார்ப்பாள். அவ்வளவுதான்.

ஒரு கட்டடக் கம்பெனி நானூறு சாரப் பலகை கேட்டிருந்தது. ஆட்கள் மேலே ஏறி நின்று வேலை செய்கிற பலகை என்பதால் அதில் முதல் தரம், இரண்டாம் தரம் என்கிற பேச்சே கிடையாது. தேறினால் முத்திரை, தேறாவிட்டால் கழிவு. அவளுடைய முத்திரை ஏழாம் நம்பர். முப்பது பலகைக்கு ஒரு கட்டு. பன்னிரண்டு கட்டு முடித்து, பதின்மூன்றாவதைப் பார்க்க வேண்டிய நாளில், பலகையின் மறுமுனையைப் பிடித்துப் புரட்டுகிற ஆள் காய்ச்சல் என்று வரவில்லை. பன்னிரண்டடி நீளம், ஒன்றரை அங்குலக் கனம், ஈரம் முழுதாக இறங்காத பலகை. கடப்பாரையை நெம்புகோலாக வைத்து அவளே புரட்டினாள். ஏழெட்டுப் பலகைக்குள் தோள்பட்டை கழன்றுவிடும்போல் வலித்தது. வெளியே லாரிக்காரன் ஹாரனை அடித்துக்கொண்டே இருந்தான். நாலு மணிக்குக் கணவரை ஆஸ்பத்திரியில் காது டாக்டரிடம் காட்ட வேண்டும். இரண்டு மாதம் காத்திருந்து கிடைத்த நேரம்.

மீதியிருந்த இருபத்திரண்டு பலகைகளை அவள் புரட்டவில்லை. மேல்பக்கத்தைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள். விரலால் தடவினாள், முட்டியால் தட்டினாள். முத்திரையைக் குத்தினாள்.

டாக்டர் அன்றைக்கு அவள் கணவரின் காதுக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, இனி ஒன்றும் செய்வதற்கில்லை, இருக்கிறதைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பினார்.

ஆறு வாரம் கழித்து ஒரு காலையில் மேனேஜர் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். மேசைமேல் செய்தித்தாளை விரித்து, அதன்மேல் ஒடிந்த பலகையின் இரண்டு துண்டுகளை வைத்திருந்தார்.

"உக்காருங்கம்மா. ஒரு கெட்ட சேதி. கட்டடத்துல சாரப் பலகை ஒடிஞ்சு பெயிண்டர் ஒருத்தர் விழுந்துட்டார். மூணாவது மாடி. ஆஸ்பத்திரிக்குப் போற வழியிலேயே உயிர் போயிடுச்சு."

அவள் உட்காரவில்லை. நல்ல பலகை ஒடிந்தால் நார்நாராகக் கிழிந்து, துடைப்பம் மாதிரி நிற்கும். இது வெள்ளரிப்பிஞ்சை ஒடித்ததுபோல் நறுக்கென்று ஒடிந்திருந்தது. ஓரத்தில் அவள் முத்திரை. ஏழு. பக்கத்திலேயே கட்டு எண், பதின்மூன்று. அவள் துண்டைப் புரட்டினாள். ஒடிந்த இடத்தை ஒட்டி, ரேகைக்குக் குறுக்கே ஒரு சாண் நீளத்துக்கு அந்தக் கோடு ஓடியது.

மேனேஜர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அவசரமாகச் சொன்னார்.

"உங்க மேல யாரும் குத்தம் சொல்லலம்மா. விசாரணைக்கு வந்த மர நிபுணர் பாத்துட்டார். இழைக்காத பலகையில இந்தக் கோடு யார் கண்ணுக்கும் படாதுன்னு எழுதிட்டார். இப்படி ஒரு கோடு இருந்தாலும் ஒரு ஆளு சும்மா நின்னா தாங்குமாம். அந்தப் பையன்தான் பலகை விட்டுப் பலகை குதிச்சிருக்கணும்னு சொல்றார். நீங்க மனசைப் போட்டு அலட்டிக்காதீங்க."

இழைக்காத பலகையிலும் அவள் கண்ணுக்கு அது படும். எத்தனையோ தடவை பட்டிருக்கிறது, எத்தனையோ பலகையில் பெருக்கல் குறி போட்டிருக்கிறாள். அதைச் சொல்ல வாயெடுத்தாள். ஆனால் "சரி சார்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

அன்று முழுக்க வேலை பார்த்தாள். ஒவ்வொரு பலகையையும் இரண்டு தடவை புரட்டச் சொன்னாள். மறுமுனையைப் பிடித்தவன், "என்னக்கா, தோசையா சுடறோம்?" என்று கேட்டுச் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. வீட்டிலும் சோறு இறங்கவில்லை. கணவரிடம் சொல்லலாம் என்றால் தெருவே கேட்கும். "என்னம்மா, உடம்பு சரியில்லையா?" என்று அவர் கத்தினார். இல்லை என்று தலையாட்டினாள்.

நாலாம் நாள் மில் கேட்டில் ஒரு பெண் நின்றாள். நாற்பது வயதிருக்கும். ஆஸ்பத்திரியில் துணி துவைக்கிற இடத்தில் வேலை செய்கிறவள். சீருடையோடே வந்திருந்தாள், கைவிரல்கள் ஊறி வெளுத்துப்போயிருந்தன. செத்துப்போன பெயிண்டரின் அக்கா. தாயும் தகப்பனும் போன பிறகு தம்பியை எட்டு வயதிலிருந்து வளர்த்தவள். ஏழாம் நம்பர் முத்திரை யாருடையது என்று காவலாளியிடம் விசாரித்திருக்கிறாள். சாப்பாட்டு வேளையில் நோட்டக்காரம்மா வெளியே வந்ததும் எதிரில் வந்து நின்றாள். சண்டைக்கு வந்தவள் மாதிரி இல்லை.

"நீங்கதானே பலகை பாக்கறவங்க?"

"ஆமாம்மா."

"உங்களை ஏசறதுக்கு வரல. ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டுப் போறேன். என் தம்பி குதிச்சான், விளையாடினான்னு அறிக்கையில எழுதியிருக்காங்க. அவன் அப்படிப்பட்ட ஆள் இல்ல. மேல ஏறினா ஒரு கை கம்பியை விடவே மாட்டான். எனக்குப் பயந்தே விட மாட்டான். பலகையா ஒடிஞ்சுதா, அவன் ஒடிச்சானா? உங்களுக்குத் தெரியும்ல?"

நோட்டக்காரம்மா காதோரத்துச் சாக்கட்டியைக் கையில் எடுத்தாள். "எனக்கு... பாத்துச் சொல்றேம்மா" என்றாள். அந்தப் பெண் தலையை ஆட்டினாள். "நாளைக்கும் வரேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அன்று மதியமே நோட்டக்காரம்மா ரம்பத்தடிக்குப் போனாள். கணவர் ஒரு பெரிய அடிமரத்தை ரம்பத்துக்கு மரம் தள்ளும் வண்டியில் ஏற்றிப் பூட்டிக்கொண்டிருந்தார். ரம்பம் ஓடிக்கொண்டிருந்தது. மரத்தூள் காற்றில் பறந்தது. எதிரில் போய் நின்றாள். அவர் அவள் உதட்டைப் பார்த்தார்.

"பதிமூணாவது கட்டுல இருபத்திரண்டு பலகையை நான் புரட்டலைங்க."

அவர் முகம் மாறியது. "என் காதுக்காக ஓடி வந்தியே, அன்னைக்கா?"

"தோளு வலிச்சுது. லாரிக்காரன் கத்தினான். நேரமும் ஆச்சு. எல்லாந்தான்."

அவர் திரும்பி மரத்தைத் தள்ளினார். ஒரு பலகை விழுந்தது. இன்னொன்று விழுந்தது. மூன்றாவதும் விழுந்த பிறகு வண்டியைப் பின்னுக்கு இழுத்து நிறுத்திவிட்டு அவளிடம் வந்தார்.

"அந்தக் கட்டுக்கு நான் அறுத்ததுல, ஒடிஞ்ச பலகை எந்த மரம்னு எனக்குத் தெரியும். ஒரு பக்கம் சப்பையா இருந்துது. எங்கேயோ மோதிட்டு வந்த மரம்னு அப்பவே நெனச்சேன். அதுல ஏழு பலகை எடுத்தேன்." நிறுத்தினார். "ஒண்ணு ஒடிஞ்சிடுச்சு. மீதி ஆறு எங்கே?"

அவள் அதுவரைக்கும் அதை நினைக்கவே இல்லை. செத்தவனைப் பற்றியும் தன்னைப் பற்றியுமே நினைத்துக்கொண்டிருந்தாள். கட்டடத்தில் வேலை மறுபடி தொடங்கியாகிவிட்டது என்று லாரி டிரைவர் காலையில்தான் சொல்லியிருந்தார். அந்த ஆறு பலகைமேலும் இந்த நிமிஷத்தில் யாரோ நின்றுகொண்டிருக்கிறார்கள்.

மேனேஜர் அறைக்கு அவள் ஓடினாள். இருபத்தெட்டு வருஷத்தில் அந்த மில்லுக்குள் அவள் ஓடி யாரும் பார்த்ததில்லை.

"சார், பதிமூணாவது கட்டை உடனே எறக்கச் சொல்லுங்க. நான் புரட்டிப் பாக்காம முத்திரை குத்திட்டேன்."

மேனேஜர் எழுந்து கதவைச் சாத்தினார். கெட்ட மனுஷர் இல்லை அவர். "அம்மா, என்ன பேசறீங்கன்னு யோசிச்சுப் பேசுங்க. இங்க அறுபது பேர் வேலை பாக்கறாங்க. முத்திரை பொய்யின்னு ஆச்சுன்னா நாளைக்கு நம்ம பலகையை யார் எடுப்பா? கட்டை எப்படியாவது திருப்பி வாங்கிடறேன். காரணம் ஒண்ணு சொல்லிக்கலாம். உங்க வாயால எதுவும் வேண்டாம்."

"முதல்ல எறக்கச் சொல்லுங்க சார். மத்ததை அப்புறம் பேசலாம்."

அவர் போன் பேசினார். சாயங்காலத்துக்குள் அந்தக் கட்டின் பலகைகளெல்லாம் இறங்கிவிட்டன. மறுநாள் காலை மில்லுக்கு வந்து சேர்ந்தன. அந்த ஒரு விஷயத்தில் அவர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார்.

அதே மறுநாள், சாப்பாட்டு வேளையில், கேட்டில் நின்ற பெயிண்டரின் அக்காவிடம் நோட்டக்காரம்மா சொன்னாள். "உங்க தம்பி ஒடிக்கலம்மா. பலகைதான் ஒடிஞ்சுது. அதோட அடிப்பக்கம் ஒரு கோடு இருந்துது. புரட்டிப் பாத்திருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்கும். நான் புரட்டல."

அந்தப் பெண் கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். பிறகு, "இதை விசாரணையில வந்து சொல்லுவீங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

"சொல்றேன்."

விசாரணை அதிகாரி அடுத்த வாரம் மில்லுக்கே வந்தார். நிபுணரும் வந்தார். மில் முற்றத்தில் அந்த இருபத்தொன்பது பலகைகளும் பரப்பி வைக்கப்பட்டிருந்தன. நோட்டக்காரம்மா நடந்ததை ஒளிவுமறைவில்லாமல் சொன்னாள். அதிகாரி எழுதிக்கொண்டார். நிபுணர் மட்டும் மெதுவாகச் சொன்னார், "நீங்க புரட்டலைங்கறது சரிம்மா. ஆனா ஒரு ஆளு நின்னதுக்கே ஒடிஞ்சுதுன்னு எப்படிச் சொல்ல முடியும்? ஒடிஞ்ச பலகையை ஒட்டவச்சா பாக்க முடியும்?"

"அதோட கூடப்பிறந்தது இங்க இருக்கு சார்" என்றாள் அவள்.

ஒடிந்த துண்டுகளைக் கொண்டுவரச் சொன்னாள். அதிலிருந்த கணுக்களைப் பார்த்தாள், இரண்டு பெரிய கணு, பக்கத்தில் மிளகு மாதிரி ஒன்று. பரப்பியிருந்த பலகைகளுக்கு நடுவில் குனிந்து நடந்தாள். ஒரே மரத்தில் அடுத்தடுத்து அறுத்த பலகைகளில் கணுக்கள் ஏறக்குறைய ஒரே இடத்தில்தான் விழும். சாக்கட்டியால் ஒவ்வொன்றாகக் குறித்தாள். மொத்தம் ஆறு. அவள் கணவர் சொன்ன கணக்கு. புரட்டிப் போட்டார்கள். ஆறில் மூன்றில் அந்தக் கோடு தெரிந்தது.

சாரத்தில் இருந்த அதே இடைவெளியில் இரண்டு மரத்தாங்கிகளைப் போட்டு, கோடு விழுந்த பலகை ஒன்றை மேலே வைத்தார்கள். அதிகாரி சொல்லச் சொல்ல இருபது கிலோ மணல் மூட்டைகளை ஒவ்வொன்றாகப் பூப்போல இறக்கி வைத்தார்கள். ஒன்று. இரண்டு. பெயிண்டரின் அக்கா ஒரு ஓரமாக நின்றிருந்தாள். "என் தம்பி அறுபத்திரண்டு கிலோ" என்றாள், யாரும் கேட்காமலே. மூன்றாவது மூட்டை வைத்தபோது பலகை லேசாக வளைந்தது. பிடித்துக்கொண்டது. எல்லாரும் அதையே பார்த்தார்கள். ஒரு பெயிண்ட் வாளியின் எடைக்குச் சின்ன மூட்டை ஒன்றை வைத்தார்கள். மூட்டையிலிருந்து கையை எடுக்கிறதுக்குள் பட்டென்று ஒரு சத்தம். பலகை நறுக்கென்று இரண்டாகி மணல் தரையில் கொட்டியது.

யாரும் குதிக்கவில்லை. யாரும் விளையாடவில்லை.

அந்தப் பெண் சத்தம்போட்டு அழுதது அப்போதுதான். தம்பி செத்த அன்றுகூட இப்படி அழவில்லை என்று கூட வந்தவர்கள் பின்னால் சொன்னார்கள். நோட்டக்காரம்மா அவளை நோக்கி இரண்டடி எடுத்து வைத்தாள். அந்தப் பெண் கையை நீட்டி, வராதே என்று தடுத்தாள். நோட்டக்காரம்மா அங்கேயே நின்றுவிட்டாள்.

அதற்குப் பிறகு எதுவும் லேசாக நடக்கவில்லை. கட்டடக் கம்பெனி மொத்தப் பலகையையும் திருப்பி அனுப்பியது. இன்னும் இரண்டு கம்பெனிகள் கைகழுவிவிட்டன. மில்லில் ஒரு ஷிப்ட் நின்றுபோய், பன்னிரண்டு பேர் வேறு வேலை தேடிப் போனார்கள். அதில் ஒருவன் அந்தக் காய்ச்சல்காரன், பலகை புரட்டுகிறவன். அவன் போகும்போது அவளிடம் சொல்லிக்கொள்ளவில்லை. குடிநீர்க் குழாயடியில் அவள் போனால் பேச்சு நின்றுவிடும். மகள்கூட ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டாள்.

"உன்னை யாரும்மா கேட்டா? நிபுணரே உன் மேல தப்பில்லன்னு சொல்லிட்டார்ல? வாயை மூடிட்டு இருந்திருந்தா யாருக்குத் தெரியப்போகுது?"

"அந்த ஆறு பலகை எறங்கியிருக்காதேடி" என்றாள் அவள். ஆனாலும் மகள் இரண்டு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

மேனேஜர் அவளை வேலையைவிட்டு அனுப்பவில்லை. ஆனால் முத்திரையைத் திருப்பி வாங்கிக்கொண்டார். அவளே அதைக் கழுவித் துடைத்து அவர் மேசைமேல் வைத்தாள். மறுபடி குச்சி வைக்கிற வேலைக்குப் போனாள். புதிதாக வந்த நோட்டக்காரர் நல்ல மனுஷர், சந்தேகம் வந்தால் பலகையைத் தூக்கிக்கொண்டு அவளிடம் வருவார். "கொஞ்சம் பாத்துச் சொல்லுங்கக்கா" என்பார். அவள் தலையை நிமிர்த்தவே மாட்டாள். "புரட்டிப் பாருங்க" என்பாள். அதைத் தவிர ஒரு வார்த்தை வராது. முன்பு அடுக்கும்போது முணுமுணுப்பாளே, அதுவும் நின்றுவிட்டது. சாரப் பலகை என்றால் ஒரு பக்கமாவது இழைத்துத்தான் முத்திரை போட வேண்டும் என்று மில்லில் புதிதாக ஒரு விதி வந்தது. அவள் எழுதிக்கொடுத்த விதி அது. அது யாருடைய யோசனை என்று பிறகு வந்தவர்களுக்குத் தெரியாது.

பெயிண்டரின் அக்கா ஏழு மாதம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டுக்கு வந்தாள். கையில் ஒரு உறை. வாசலிலேயே நின்றாள். நோட்டக்காரம்மா நாற்காலியை இழுத்து வெளியே போட்டாள்.

"உக்காருங்கம்மா. தண்ணி தரட்டுமா?"

"வேண்டாம். இதைக் காட்டிட்டுப் போயிடறேன்."

உறையிலிருந்து எடுத்த காகிதத்தில் ஒரு வரியை விரலால் தொட்டுக் காட்டினாள். முதல் அறிக்கையில் 'பலகையின் மீது குதித்ததால்' என்று இருந்த இடத்தில் இப்போது 'பலகையின் குறைபாட்டால் முறிந்து' என்று இருந்தது. நோட்டக்காரம்மா அதை இரண்டு தடவை படித்தாள்.

"மாத்திட்டாங்க" என்றாள் அந்தப் பெண். "அவன் மேல தப்பில்லன்னு இனிமே யார் கேட்டாலும் எடுத்துக் காட்டலாம். உங்களாலதான் ஆச்சு."

நோட்டக்காரம்மா ஏதோ சொல்ல வந்தாள்.

"நீங்க ஒண்ணும் சொல்லாதீங்க" என்றாள் அவள், காகிதத்தை மடித்துக்கொண்டே. "உங்களை மன்னிச்சுட்டேன்னு நெனச்சுக்காதீங்க. முயற்சி பண்ணிப் பாத்தேன். எனக்கு அது வரல. நீங்க உண்மையைச் சொன்னீங்கன்னு தெரியும். ஆனா உங்களைப் பாத்தா அவன்தான் ஞாபகம் வரான். இனிமே எங்கேயாவது பாத்தா, நான் பேசலைன்னா தப்பா எடுத்துக்காதீங்க."

"இல்லம்மா. எடுத்துக்க மாட்டேன்."

அவள் தெருவில் இறங்கி நடந்தாள். திருப்பம் வரைக்கும் நோட்டக்காரம்மா பார்த்துக்கொண்டே நின்றாள்.

உள்ளேயிருந்து கணவர் வந்தார். "யாரு?"

அவள் அவர் பக்கம் திரும்பி, உதட்டை மட்டும் அசைத்துச் சொன்னாள். "பெயிண்டரோட அக்கா."

"உக்காரச் சொன்னியா?"

"சொன்னேன்."

"உக்காந்தாங்களா?"

அவள் இல்லை என்று தலையாட்டினாள். அவர் நாற்காலியை எடுத்து உள்ளே கொண்டுபோய், சுவரோரமாக வைத்துவிட்டு வந்தார். அவள் இன்னும் வாசலில்தான் நின்றுகொண்டிருந்தாள்.